ஜப்பான் கதிரையும் ஹாஜியார் வளவும்

வானியலில் எனக்கு எப்படி ஆர்வம் வந்தது என்று கேட்பவர்களிடம் பிரபஞ்சம், வியப்பு, தேடல் என்று எதையாவது சொல்லிச் சமாளிப்பது என் வழக்கம். இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். படுத்துக்கொண்டே செய்யலாம், ஆனாலும் படித்தவன் செய்கிற காரியம்போலத் தெரியும். அப்படிப்பட்ட பொழுதுபோக்கு உலகத்தில் அது ஒன்றுதான்.

கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் உதவி ஆசிரியராகப் பல வருடங்கள் குனிந்திருந்து மற்றவர்களின் வாக்கியங்களைத் திருத்தியதில் என் கழுத்து கெட்டுப்போனது. அதன் பிறகு மாவட்டச் செய்தியாளனாக, மனைவி பஸீனாவின் ஊரான கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தேன். கற்பிட்டியில் செய்தி குறைவு, வானம் அதிகம். டொல்பின் பார்க்க வருகிறவர்களுக்கு விடுதி நடத்திய ஒரு வெளிநாட்டுக்காரர், கடையைக் கட்டிக்கொண்டு போகும்போது தன்னுடைய பெரிய பைனாகுலரை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். ஒரு கைக்குழந்தையின் எடை இருக்கும். ஆனால் குழந்தையைத் தோளில் போட்டுக்கொள்ளலாம். இதை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்க்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் கை நடுங்கும், வியாழன் கோள் வெறிபிடித்த மின்மினிபோல ஆடும், கழுத்து மறுநாள் வரை மேலேயே நிற்கும்.

இதற்கென்றே மோட்டார் பூட்டிய கதிரைகள் வெளிநாடுகளில் உண்டு என்று இணையத்தில் கண்டேன். சாய்ந்து படுக்கலாம். பைனாகுலர் ஓர் இரும்புக் கையில் தொங்கிக்கொண்டு கண்ணுக்கு நேராக வந்து நிற்கும். பொத்தானை அழுத்தினால் ஆளும் கதிரையும் பைனாகுலரும் ஒன்றாகத் திரும்பும். அந்தப் படத்தைப் பஸீனாவின் தம்பி ரிஸ்வியிடம் காட்டியதுதான் நான் செய்த பிழை. ரிஸ்வி வாகனங்களுக்கு வயரிங் செய்கிறவன். 'ஏலாது' என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் வந்திருக்காது.

"இது என்ன மச்சான், சின்ன வேல," என்றான்.

ஜப்பானிலிருந்து வரும் பழைய வான்களில் சிலது, நடக்க முடியாத முதியவர்களுக்காகச் செய்தவை. கதவைத் திறந்தால் ஆசனம் தானாகத் திரும்பி, வெளியே நீண்டு, ஆளை மெல்ல இறக்கிவிடும். விபத்தில் நசுங்கிய அப்படியொரு வானின் ஆசனம், புத்தளத்தில் பழைய உதிரிப்பாகம் விற்கும் ஓர் இடத்தில் கிடந்தது. ரிஸ்வி அதைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இரும்புச் சட்டத்தின்மேல் பூட்டினான். தண்ணீர்க் குழாய்களை ஒட்டிப் பைனாகுலருக்குக் கை செய்தான். கையைத் தூக்கி இறக்க ஒரு கார் ஜன்னலின் மோட்டார். எல்லாவற்றுக்கும் உயிர் கொடுக்க, தன்னுடைய முச்சக்கர வண்டியிலிருந்து கழற்றிய பட்டரி.

அந்த ஆசனத்தில் ஒரு சங்கதி இருந்தது. அது பேசும். எந்தப் பக்கம் அசைந்தாலும் உள்ளேயிருந்து ஒரு பெண் மிகுந்த மரியாதையோடு ஜப்பானிய மொழியில் ஏதோ அறிவிப்பாள். ரிஸ்வி எவ்வளவு தேடியும் அவளை நிறுத்தும் வயர் அகப்படவில்லை.

"அவ என்ன சொல்றா?" என்று கேட்டேன்.

"ஸலாம் சொல்றா மச்சான். வேற என்ன சொல்லப்போறா?"

(முதல் தடவை சோதித்தபோது பஸீனா கீழே குசினியில் சமைத்தபடி, "இஞ்சப் பாருங்க, மேல யாரு பொம்புள?" என்று கேட்டாள். "கதிர," என்றேன். "ஆ, கதிரையா," என்றாள். அந்த 'ஆ'வின் நீளம் எனக்குப் பிடிக்கவில்லை.)

எங்கள் தெருவில் ஓர் ஒழுங்கு உண்டு. தேங்காய் பறிக்க மரம் ஏறுகிறவர், தண்ணீர்த் தாங்கி பார்க்கக் கூரைக்குப் போகிறவர், யாராக இருந்தாலும் ஏறும்போது நாலு பக்கமும் கேட்கிற மாதிரி "மேல ஏறுறோம்" என்று குரல் கொடுப்பார். சுற்றியுள்ள வீட்டு வளவுகளில் தலையில் முக்காடில்லாமல் வேலையாக இருக்கும் பெண்கள் உள்ளே போய்விடுவார்கள். ஏறியவர் வேலை முடித்து "இறங்கிட்டோம்" என்று சொல்லும்வரை வெளியே வரமாட்டார்கள். எழுதிவைத்த சட்டமில்லை, ஆனால் ஒருவரும் மீறி நான் கண்டதில்லை. இப்படிப்பட்ட ஒரு தெருவின் நடுவே, பெரிய பைனாகுலரோடு ஓர் ஆண்பிள்ளை மொட்டைமாடியில் குடியேறினால் என்ன நினைப்பார்கள்? ஆகவே முன்கூட்டியே வீடு வீடாகப் போய் அனுமதி கேட்டேன். எல்லோரும் சம்மதித்தார்கள். மேற்குப் பக்கத்து வீட்டு மஜீத் ஹாஜியார் மட்டும் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்.

"தம்பி, வானம் அல்லாஹ் படைச்சது. அது எல்லாருக்கும் பொது. என்ட வளவு பொது இல்ல."

"மேல மட்டும்தான் பாப்பேன், ஹாஜியார்."

"அப்பிடியெண்டா எனக்கென்ன," என்றார்.

சில வாரங்களில் ஹாஜியாரின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. கல்யாண விருந்துக்கு முக்கிய இனிப்பான வட்டிலப்பம் பஸீனாவிடம் ஒப்படைக்கப்பட்டது. இது எங்கள் வீட்டில் சாதாரண விஷயமில்லை. பஸீனாவின் பெற்றோர், தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு வந்தவர்கள். அவள் பிறந்ததே கற்பிட்டிப் பக்கத்து முகாமில்தான். இந்த ஊரில் பிறந்து, படித்து, கல்யாணமும் செய்த பிறகும் பழைய குடும்பங்கள் சிலவற்றில் அவள் இன்னும் 'அகதிப் பிள்ளை'தான். வீட்டிலிருந்தபடி சின்னச் சின்ன ஓடர்களுக்கு வட்டிலப்பம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு, ஹாஜியாரின் குடும்பம் போன்ற ஒன்றிலிருந்து வந்த முதலாவது கல்யாண ஓடர் அது. அது நன்றாகப் போனால் மற்றக் கல்யாணங்களும் வரும். பிழைத்தால், "நாங்க அப்பவே சொன்னோமே" என்பதற்கு ஆமினா மாமி தயாராக இருந்தார்.

ஆமினா மாமி ஹாஜியாரின் மூத்த சகோதரி. தெருவுக்கே மாமி. கல்யாணத்துக்குத் தன் பங்காக அவர் கெரமல் புடிங் செய்திருந்தார், கேட்டவர் யாருமில்லை. கித்துள் கருப்பட்டி எங்கே வாங்கியது, தேங்காய்ப்பால் எத்தனையாவது பால், முட்டை எந்தக் கடை என்று பஸீனாவை இரண்டு நாளாக விசாரித்துக்கொண்டிருந்தார். நான் பொலிஸ் ஊடகப் பேச்சாளர்களிடம்கூட அவ்வளவு கேள்வி கேட்டதில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் பின்னேரம். ஹாஜியாரின் பின்வளவில் விறகு அடுப்பு வைத்து, பஸீனா வட்டிலப்பத்தை அவித்து இறக்கிவிட்டாள். ஆறுவதற்காகத் தட்டுகள் ஒரு நீள மேசையில் வெள்ளைத் துணியால் மூடி வைக்கப்பட்டிருந்தன. மேசையின் மறுமுனையில் மாமியின் புடிங். வளவைச் சுற்றி மாலை மாலையாகக் கல்யாண விளக்குகள் எரிந்தன. நான் வீட்டில் சும்மா இருந்தேன். நல்ல வளர்பிறை நிலா தலைக்குமேலே வந்திருந்தது.

"மேல ஏறுறேன்," என்று நாலு பக்கமும் குரல் கொடுத்தேன். "மஃரிபு பாங்கோட இறங்கிடுவேன்."

கதவுகள் சாத்தப்படும் சத்தம் கேட்டது. நான் கதிரையில் சாய்ந்து, பைனாகுலரின் கையை இறக்கி, மார்புக்குக் குறுக்கே பூட்டிக்கொண்டேன். (கற்பிட்டிக் காற்றில் பைனாகுலர் ஆடக்கூடாது என்பதற்காக அந்தப் பூட்டை ரிஸ்வி சிறைச்சாலைத் தரத்தில் செய்திருந்தான். மோட்டார் தூக்கினால் தவிர அது விடாது.) ஜப்பான்காரி அறிவித்தாள். கதிரை திரும்பியது. நிலா வந்தது. பள்ளங்கள், மலைகள், அவற்றின் நிழல்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். கழுத்து வலிக்கவேயில்லை. மனிதகுலம் இதற்காகத்தான் இவ்வளவு காலம் உழைத்திருக்கிறது என்று தோன்றியது.

பள்ளிவாசலில் மஃரிபு தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். தெருவிலிருந்த ஆண்கள் எல்லோரும் பள்ளிக்குப் போனார்கள். நானும் அப்போதே இறங்கியிருக்க வேண்டும். ஆனால் சூரியன் மறைந்த திசையில், தென்னைமரங்களுக்குச் சற்று மேலே, வெள்ளிக் கோள் தெரிந்தது. ஒரேயொரு பார்வை பார்த்துவிட்டு இறங்கலாம் என்று பொத்தானை அழுத்தினேன். கதிரை மேற்கே திரும்பியது. கை கீழே இறங்கியது. வெள்ளியைக் கடந்தது. தென்னை ஓலைகளைக் கடந்தது. ஜப்பான்காரி ஒரு வசனத்தைத் தொடங்கினாள். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். பாதியில் நின்றாள். அத்தோடு எல்லாமே நின்றது.

பட்டரி முடிந்துவிட்டது.

என் நிலைமையைச் செய்தி ஒழுங்கில் தருகிறேன். மார்புக்குக் குறுக்கே குழாய். கால்கள் ஆசனத்தின் கால்தாங்கிக்குள். கைத்தொலைபேசி கீழே குசினி மேசையில். கண்களுக்கு நேரே பைனாகுலர். பைனாகுலருக்கு நேரே, கல்யாண விளக்குகளின் வெளிச்சத்தில், மஜீத் ஹாஜியாரின் பின்வளவு.

உடனே கண்ணை மூடிக்கொண்டேன். என் நேர்மைக்கு அதுவே சாட்சி. வளவில் ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்பது தெரியும். நான்தான் இன்னும் 'இறங்கிட்டேன்' சொல்லவில்லையே. இருந்தாலும் வாக்கு வாக்குதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மனிதன் எவ்வளவு நேரம் மோட்டார் கதிரையில் கிடப்பது? ஒரு கண்ணைத் திறந்தேன்.

வளவுக்குள் கழுதை நின்றது.

எங்கள் பக்கத்துக் கழுதைகளுக்குச் சொந்தக்காரர் இல்லை. தெருக்கள்தான் அவற்றுக்குச் சொந்தம். திறந்திருந்த பின்கேற்றின் வழியாக இது சாவகாசமாக உள்ளே வந்திருக்க வேண்டும். அவ்வளவு பெரிதாக்கிப் பார்க்கும்போது கழுதையின் மூக்குத் துவாரம் நிலாவின் பெரிய பள்ளங்களுக்குச் சற்றும் குறைந்ததல்ல. அது மேசையின் ஒரு முனைக்குப் போய், பற்களால் வெள்ளைத் துணியை இழுத்தது. துணி விழுந்தது. முதலில் இருந்தது மாமியின் புடிங். முகர்ந்து பார்த்தது. நாக்கை ஒரு தடவை வைத்தது. தலையை உயர்த்தி யோசித்தது. பிறகு மேசையோரமாக நடந்து, பஸீனாவின் முதலாவது தட்டில் முகத்தைப் புதைத்தது.

அப்போதே கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. காரணம் வெளிப்படை. கழுதை நிற்பது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது? ஹாஜியாரின் வளவை நான் பைனாகுலரால் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று, பெண்கள் நிறைந்த கல்யாண வீட்டுக்கு, தெரு முழுக்கக் கேட்கும்படி, நானே அறிவிப்பதா? இன்னொரு பக்கம் பஸீனாவின் பெயர் ஒவ்வொரு கரண்டியாகக் கழுதையின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

நான் பத்திரிகைக்காரன். பொறுப்பை ஏற்காமல் செய்தியைச் சொல்வதற்குத்தான் எனக்குப் பயிற்சி. தொண்டையைச் செருமிக்கொண்டு கத்தினேன்:

"இந்தப் பகுதியில கழுதைகளுட நடமாட்டம் அதிகரிச்சிருக்கிறதாத் தெரிய வருது."

உள்ளே பெண்கள் தொழுதுகொண்டிருந்தார்கள். கழுதை மட்டும் ஒரு காதைத் திருப்பியது. முதலாவது தட்டு முடிந்தது. மறுபடியும் கத்தினேன். இந்தத் தடவை சாத்திய ஜன்னலுக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது.

"என்ன தம்பி? இறங்கிட்டீங்களா?"

"இல்ல மாமி. இன்னும் மேலதான்."

"அப்ப எங்களுக்கு வெளிய வரேலாதே."

"ஹாஜியார்ட வளவுக்குள்ள கழுத ஒண்டு புகுந்திருக்கலாம் எண்டு நம்பப்படுது, மாமி."

"யாரு நம்புறா?"

இருபது வருடத் தொழிலில் இந்தக் கேள்வியை ஒரு வாசகரும் என்னிடம் கேட்டதில்லை.

"நம்பகமான வட்டாரம், மாமி."

உள்ளே கூடிப் பேசுவது கேட்டது. ஒருத்தி சிரித்தாள். "அவருக்கு என்னவோ ஆயிட்டு," என்றாள் இன்னொருத்தி. "அந்தப் பேசுற கதிர பேய் கதிரயாம். ரிஸ்விதான் சொன்னான்." கழுதை இரண்டாவது தட்டுக்கு நகர்ந்தது. அப்போது பஸீனாவின் குரல் கேட்டது. அவள் கத்தவில்லை. ஜன்னலோரமாக வந்து, சொல் சொல்லாகக் கேட்டாள்.

"இஞ்சப் பாருங்க. நீங்க இப்ப பாக்கிறீங்களா, இல்லையா?"

கழுதை மெல்லும் சத்தம் எனக்குக் கேட்டதாக இன்றைக்கும் சத்தியம் செய்வேன். அவ்வளவு தூரத்திலிருந்து அது சாத்தியமில்லை.

"பாக்கிறேன்," என்றேன்.

"என்னத்தப் பாக்கிறீங்க?"

"கழுத. ஒங்கட ரெண்டாவது தட்டு. பாதி போயிட்டு."

பின்கதவு திறந்தது. பஸீனா முக்காட்டை ஒரு கையால் பிடித்தபடி, மறுகையில் வட்டிலப்பம் கலக்கிய அகப்பையோடு பாய்ந்து வந்தாள். என் மனைவியை அவ்வளவு பெரிதாக நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. அவள் கழுதையைப் பார்க்கவில்லை. முதலில் நேராக என்னைப் பார்த்தாள், பைனாகுலரின் இரண்டு கண்ணாடிகளுக்குள்ளும். அதன் பிறகுதான் அகப்பை கழுதைமேல் விழுந்தது.

பள்ளியிலிருந்து ஹாஜியார் வந்தபோது வளவில் பெண்கள் எல்லோரும் முக்காட்டோடு மேசையைச் சுற்றி நின்றார்கள். ஆமினா மாமி தீர்ப்பு எழுதி முடித்திருந்தார். கழுதை வாய் வைத்த மேசை. எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும். நேரமில்லை, புத்தளத்து ஹோட்டலுக்குச் சொல்லி வட்டிலப்பம் எடுக்கலாம். "அனுபவம் இல்லாத புள்ளைக்கிட்டக் குடுத்தா இப்பிடித்தான்." கழுதை வந்ததற்கும் அனுபவத்துக்கும் என்ன தொடர்பு என்று ஒருவரும் கேட்கவில்லை. பஸீனா அகப்பையைப் பிடித்தபடி நின்றாள். இவற்றையெல்லாம் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேறு வழியில்லை.

ஹாஜியார் நிமிர்ந்து எங்கள் மாடியைப் பார்த்தார். "பட்டரி முடிஞ்சிட்டு, இறங்கேலாமக் கிடக்கிறேன்," என்று கத்தினேன். கொஞ்ச நேரத்தில் படியில் காலடிச் சத்தம் கேட்டது. அவரும், வேறொரு பட்டரியோடு ரிஸ்வியும்.

"மச்சான், பட்டரிய சார்ஜ் போடச் சொல்லி நான் ஒங்கட்டச் சொல்லல்லயா?" என்றான் ரிஸ்வி. (சொல்லவில்லை. இது பதிவில் இருக்க வேண்டும்.)

பட்டரி மாற்றியதும் ஜப்பான்காரி விட்ட இடத்திலிருந்து வசனத்தை முடித்தாள். கை உயர்ந்தது. கால்கள் மரத்துப்போய், ஹாஜியாருக்கு முன்னால் கிட்டத்தட்ட விழுந்து எழும்பினேன். நிலைமையை விளக்கத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். உடுத்திருந்த சாரத்தை ஒதுக்கிக்கொண்டு கதிரையில் ஏறிப் படுத்தார்.

"எப்பிடி இருந்திச்சோ அப்பிடியே வை," என்றார் ரிஸ்வியிடம்.

கை இறங்கியது. தன் சொந்த வளவை அவர் நீண்ட நேரம் பார்த்தார். பிறகு, "நிலாவக் காட்டு," என்றார். கதிரை அவரைச் சுமந்துகொண்டு திரும்பியது. ஜப்பான்காரி அறிவிக்க, அவர் மரியாதைக்காகத் தலையசைத்தார்.

"கண் கண்ணா, ஓட்ட ஓட்டயா இரிக்கி," என்றார் கடைசியில். "நல்ல வட்டிலப்பத்த வெட்டின மாதிரி." கண்ணை எடுக்காமலே கேட்டார்: "தம்பி, அது எத முதல்ல திண்டது?"

இந்தக் கேள்விக்கு நான் எப்படியும் பதில் சொல்லியிருக்கலாம். 'சரியாகத் தெரியவில்லை' என்பது என் தொழிலில் பழகிய விடை. சரியாகச் சொன்னால் நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதும் வெளிவரும், ஆமினா மாமியும் என்னை மன்னிக்கமாட்டார். கீழே பஸீனா இன்னும் அதே இடத்தில் நிற்பது மாடியிலிருந்தே தெரிந்தது.

"முதல்ல புடிங்குக்குத்தான் போனது, ஹாஜியார். முகர்ந்து பாத்தது. ஒருக்கா நக்கினது. யோசிச்சது. விட்டிட்டு வட்டிலப்பத்துக்குப் போனது. அதுக்குப் பொறகு தலையே தூக்கல்ல."

"கண்ணால கண்டதா?"

"கண்ணால கண்டது."

ஹாஜியார் சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரித்ததில் கதிரை ஆடியது, அசைவை உணர்ந்த ஜப்பான்காரி மறுபடியும் பேசினாள், அதற்கும் சிரித்தார். பிறகு மாடிச் சுவரோரம் வந்து நின்று, கீழே பார்த்துச் சொன்னார்.

"ராத்தா, ஹோட்டலுக்குச் சொல்லத் தேவல்ல. பஸீனாப் புள்ளையே திரும்பச் செய்யட்டும். என்னென்ன வேணும் எண்டு கேட்டு ஆள அனுப்புங்க. நீங்க முட்டைய ஒடச்சிக் குடுங்க."

ஆமினா மாமி முட்டை உடைத்தார். ஒவ்வொரு முட்டையையும் என் தலை என்று நினைத்து உடைப்பதாகப் பஸீனாவிடம் சொல்லிக்கொண்டே உடைத்தாராம். மறுநாள் பகல் விருந்தில் வட்டிலப்பம், பலர் கூடியிருந்து உண்ணும் சஹன் தட்டுகள் எல்லாவற்றுக்கும் போனது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார். யார் செய்தது என்று அவர் விசாரித்தபோது பெயரைச் சொன்னவர் ஆமினா மாமி. "எங்கட தெருப் புள்ள," என்றாராம்.

அதன் பிறகு பஸீனாவுக்குக் கல்யாண ஓடர்கள் வருகின்றன. நுரைச்சோலையிலிருந்துகூட வருகிறார்கள். சிலர் தொலைபேசியில் பெயர் தெரியாமல், "கழுத புடிங்க விட்டிட்டு வந்து திண்ட வட்டிலப்பம், அந்த வீடா?" என்று கேட்கிறார்கள். அவள், "ஓம், அந்த வீடுதான்," என்கிறாள்.

கதிரை இன்னும் மாடியில் இருக்கிறது. ஆனால் நான் நினைத்த மாதிரி அதைப் பயன்படுத்த முடிவதில்லை. ஏறும்போது குரல் கொடுத்தால் பக்கத்து வளவுகளிலிருந்து பதில் வருகிறது. "தம்பி, வாசல் முத்தத்துல மிளகா காயுது, ஒருக்காப் பாத்துக்குங்க." "ஆடு எந்தப் பக்கம் போனதெண்டு பாத்துச் சொல்லுங்க." கல்யாணம் நடக்கிற வீடு என்றால் ஆளனுப்பி அழைக்கிறார்கள். சனிக்கோளின் வளையத்தை நான் இதுவரை ஒழுங்காகப் பார்த்ததில்லை. எங்கள் தெருக் கழுதைகளை ஒவ்வொன்றாக முகம் பார்த்து அடையாளம் சொல்வேன்.

வீட்டில் எனக்கு வந்த நட்டம் வேறு. கறியில் உப்புக் கூடியிருப்பதுபோலத் தெரிகிறது என்றோ, கொழும்பு பஸ் பிந்தும் என்று சொல்கிறார்கள் என்றோ, இன்று மழை வரலாம் என்றோ நான் எதைச் சொன்னாலும் பஸீனா கையில் இருக்கிற வேலையை நிறுத்துகிறாள். பிள்ளைகளும் அவளைப் பார்த்துப் பழகிவிட்டார்கள். விருந்தாளிகள் இருந்தாலும் விடுவதில்லை. எல்லோருமாகச் சேர்ந்து கேட்கிறார்கள்:

"தெரிய வருதா, கண்டதா?"